பித்தளை முனை

வரி அதிகாரி அளவு நாடாவை விட்டுக்கொண்டே இருந்தார். எஃகு நாடா தொட்டியின் வாய்க்குள் வழுக்கிப் போய் அடியில் டிங்கென்று தட்டியது. ஏணியில் ஒரு காலும் தொட்டியின் மேல் ஒரு காலுமாக நின்ற இருப்புக் கணக்கர் குனிந்து பார்த்தார். கீழே டீசல் கிடங்கின் முதலாளியம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நாடா மேலே வந்தது. நனைந்திருந்த இடத்தை விரலால் பிடித்துக்கொண்டு அதிகாரி அட்டவணையைப் பார்த்தார்.

“இருப்பு சரியாத்தானே இருக்கு. குறைன்னு யாரு எழுதினது?”

எழுதியவர் கணக்கர்தான். மாதக் கடைசியில் அளவுகோலை இறக்கிப் பார்த்தபோது டீசல் நிறையவே குறைந்திருந்தது. ஆவியாகிப் போவதற்கென்று சட்டம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அதற்கு மேல் குறைந்தால் விற்றதாகவே வைத்து வரி கேட்கும், அபராதத்தோடு. முதலாளியம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். “லாரியில ஏதாவது கைவரிசை நடந்திருக்குமோ?” என்றார்.

லாரி ஓட்டியது கணக்கரின் அக்கா புருஷன். வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் கணக்கரே. மாமாவை மூடி மறைக்கிறான் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாதே என்ற அவசரத்தில், “என் சொந்தம்னு பாக்காதீங்கம்மா, செய்யறதைச் செய்யுங்க” என்றார். சொன்ன தோரணை அவருக்கே பிடித்திருந்தது. மாமாவிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். “உங்க அக்கா வீட்டுல காப்பியே டீசல்லதானாமே?” என்று குழாய் பிடிப்பவன் கேட்டபோது கணக்கரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

“உங்க கோலைக் குடுங்க” என்றார் அதிகாரி.

கோலை நாடாவுக்குப் பக்கத்தில் வைத்தார். நுனியில் பித்தளை பளபளத்தது.

“இது எப்ப மாட்டினது?”

“பழைய முனை தேஞ்சுபோச்சு சார். பட்டறையில சொல்லி...”

“யாரு சொன்னது?”

“நான்தான்.”

“ஒரு விரக்கடை நீளமா அடிச்சுக் குடுத்திருக்கான். கோல் அவ்வளவு தூக்கி நிக்குது. இவ்வளவு பெரிய தொட்டியில ஒரு விரக்கடைக்கு எவ்வளவு டீசல்னு நீங்களே போட்டுப் பாருங்க.”

கணக்கர் இறங்கினார். கடைசிப் படி எது என்று காலுக்குத் தெரியவில்லை.

“அப்ப வரி கிடையாதா சார்?” என்று முதலாளியம்மா கேட்டார்.

“இல்லாத குறைக்கு ஏதுங்க வரி?”

அந்த அம்மாளுக்கு முகம் மலர்ந்தது. பிறகு கணக்கரைப் பார்த்தார். “முனையை விடுய்யா. நான் சந்தேகம்னுதானே சொன்னேன். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லைன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பேனே.”

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா கொடியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“மாமா இல்லையாக்கா?”

“இருக்காரு. வந்ததுதான் வந்தே, பீரோவுக்குள்ள டீசல் இருக்கான்னும் பாத்துட்டுப் போ.”

மாமா ஈரக்கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். கணக்கர் எல்லாவற்றையும் சொன்னார். பாதியைச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

“முனையா?” என்றார் மாமா. “எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

அக்கா துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். உட்கார் என்று யாரும் சொல்லவில்லை. கணக்கர் குனிந்து செருப்பைத் தேடினார். அதைக் கழற்றவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் காலையில் மாமா வேலைக்கு வந்தார். முதலாளியம்மா சாவியைக் கொடுத்தார். மதியத்துக்குள் லாரி நிரம்பி வந்தது. டீசலை இறக்கி முடித்ததும் கணக்கர் காலையில் வாங்கிவந்த புதுக் கோலால் அளந்தார். குறை இல்லை. மாமா ரசீதை நீட்டி, “கையெழுத்துப் போடுங்க சார்” என்றார். போட்டுக் கொடுத்தார். குழாய் பிடிப்பவன் குழாயைச் சுருட்டி வைத்தான். லாரி வெளியே போனது.