கரைக்கன்னி உட்கார்ந்த இடம்

1944ஆம் வருடம் நவம்பர் 9ஆம் தேதி, வியாழக்கிழமை. காலை ஐந்து மணிக்கு அப்பா வண்டியில் மாடு பூட்டினார். ஆவடி பட்டாளத்து முகாமுக்குக் கத்தரிக்காயும் கீரையும் கொண்டுபோவது அப்போது அவருக்கு வாரத்தில் மூன்று நாள் வேலை. அம்மா வாசல் தெளித்துக் கோலம் போட்டாள். ஆறு நாள் மழைக்குப் பிறகு அன்றுதான் கோலம் கரையாமல் நின்றது. அம்மாவின் தம்பியான மாமா, பால் கறந்து செம்பை அடுப்படியில் வைத்துவிட்டு ஏரியைப் பார்க்கப் போனார். நான் பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை இரண்டு முறை ஒப்பித்தேன். எனக்கு ஒன்பது வயது. அக்காவுக்குப் பதின்மூன்று முடிந்து இரண்டு மாதம்.

ஆறரை மணிக்கு மாமா ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தார். ஏரி நிரம்பிவிட்டது, மிஞ்சிய தண்ணீர் கலங்கல் கல்லைத் தாண்டி வெளியே வழிகிறது என்றார். அம்மா கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அக்காவைப் பார்த்தாள். அந்த வருடம் மண் கொண்டுபோகும் முறை எங்கள் வீட்டுடையது.

எங்கள் ஊர் பூந்தமல்லிக்கு மேற்கே இரண்டு மைல். செம்பரம்பாக்கம் ஏரியைப் பார்த்தவர்கள் எங்கள் ஏரியைக் குட்டை என்றுதான் சொல்வார்கள். ஆனால் எண்பது வீட்டுச் சோறு அதில் இருந்தது. அது நிரம்பி வழிகிற முதல் நாள் மாலையில், கரைக்கன்னி உட்கார்ந்த இடத்துக்கு ஒரு பெண் களிமண் உருண்டை கொண்டுபோய் அப்ப வேண்டும்.

கரைக்கன்னியின் கதையைப் பல்லவ ராஜா காலத்துக் கதை என்பார்கள். சிலர் சோழ ராஜா என்பார்கள். அவள் ஏரிக்காவல்காரனின் மகள். ஒரு ஐப்பசியில் ஏரி விளிம்பு தட்டி நின்றபோது அவள் பெரியவளானாள். வழக்கப்படி கரைக்குக் கீழே பச்சை ஓலையில் குடிசை கட்டி அவளைத் தனியாக உட்கார வைத்தார்கள். அவள் மண்ணைத் தொடக்கூடாது, நீரைத் தொடக்கூடாது, யாரும் அவள் முகத்தைப் பார்க்கக்கூடாது. குடிசையின் வாய் கரையைப் பார்த்து இருந்தது. இரண்டாம் நாள் கரையின் சரிவில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் தெரிந்தது. முதலில் தெளிந்த நீர் கசிந்தது. தெளிந்த நீர் கசிந்தால் பயமில்லை. பிறகு அது கலங்கி வந்தது. அப்படியென்றால் கரை உள்ளே அரிபடுகிறது என்று அர்த்தம். அவள் கூப்பிட்டாள். தீட்டுக் குரலுக்குப் பதில் சொல்லக்கூடாது என்று யாரும் வரவில்லை. அவள் வெளியே வந்தாள், மேலாக்கில் களிமண்ணை அள்ளி ஓட்டையை அடைத்தாள், அதன்மேல் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டாள். பொழுது விடிந்து ஆட்கள் வந்தபோது தண்ணீர் நின்றிருந்தது. பெண் இல்லை. கரை அவளை மூடிக்கொண்டது. அந்த இடத்தில் ஒரு கல் நட்டார்கள்.

இது பெண்கள் நாற்று நடும்போது பாடும் கதை. கன்னி கோயில் பூசாரி சொல்லும் கதையில் குடிசை கிடையாது. அவர் கதையில் கன்னிக்கு ஏழு வயது. அதனால்தான் மண் கொண்டுபோகும் பெண் பூப்படையாதவளாக இருக்க வேண்டும், பூப்படைந்தவள் கொண்டுபோனால் அந்த வருடமே கரை உடையும் என்பார். இரண்டில் எது சரி என்று நான் ஒருமுறை அம்மாவைக் கேட்டேன். ஆம்பளைங்க முன்னாடி குடிசைப் பாட்டைப் பாடாதே என்பது மட்டும்தான் பதிலாகக் கிடைத்தது.

முறை எட்டு வீடுகளுக்கு உண்டு. ஏரியோ எல்லா வருடமும் நிரம்பாது. ஒரு வீட்டுக்கு வந்துபோன முறை மறுபடி வரப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகும். அக்காவுக்கு இது தெரியும். ஆடி மாதத்திலிருந்தே அவள் தண்ணீர்க் குடத்தைக் கை படாமல் தலையில் வைத்து வரப்பில் நடந்து பழகினாள். பெரியவளானால் பள்ளிக்கூடம் நின்றுவிடும், ஏரிக்கரைப் பக்கம் போவதும் நின்றுவிடும். அதற்கு முன்னால் ஊர் முழுக்கப் பார்க்க ஒரு தடவை அந்தக் கரையில் தனியாக நடந்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. அந்த ஆசை எனக்கும் இருந்தது. அக்கா போக முடியாமல் போனால் வீட்டில் அடுத்த பெண் நான்தான்.

எட்டு மணிக்கு அம்மா மஞ்சள் அரைத்துக் கிண்ணத்தில் கொடுத்து, குளிக்கிற அக்காவிடம் கொடுக்கச் சொன்னாள். கொல்லையில் தென்னந்தட்டி மறைப்புக்குள் அக்கா குளிக்காமல் குத்துக்காலிட்டுப் பாவாடை துவைத்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் மாலை மாற்றிய பாவாடை அது. தண்ணீர் சிவந்து ஓடியது. எனக்கு அது என்னவென்று தெரியும். எதிர் வீட்டு அத்தையின் மகளுக்குச் சடங்கு நடந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

அம்மாவிடம் சொன்னாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

"சொன்னா நான் போவ முடியாது. நீதான் போவ" என்றாள். துவைப்பதை நிறுத்தாமலே மேலும் சொன்னாள். "ஓணும்னா நீயே போயி சொல்லு. நான் உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன். உனக்கும் ஆசை கீது, எனக்குத் தெரியும்."

அவள் கெஞ்சியிருந்தால் ஒருவேளை நான் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன். அவள் கெஞ்சவில்லை. என் ஆசையை எனக்கு எதிரிலேயே எடுத்து வைத்துவிட்டு, பாவாடையைப் பிழிந்தாள்.  நான் மஞ்சள் கிண்ணத்தைத் தட்டிக்கு மேலே நீட்டினேன்.

"அம்மா சீக்கிரம் வரச் சொன்னாங்க" என்றேன்.

அன்று பகல் முழுவதும் நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மேகமும் எங்கள் வீட்டைத் தேடி வருவதாகத் தோன்றியது. மாமா அக்காவைக் கிண்டல் செய்தார். "மண்ணு தேங்கா அளவு இருக்கும், கழுத்து தாங்குமா, இல்ல நான் ஒரு முட்டு குடுக்கட்டா?" என்று கேட்டார். அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரை உடைந்தால் காரணம் இரண்டு பேர். அதில் ஒருத்தி நான்.

நான்கு மணிக்கு அக்காவுக்கு மஞ்சளில் முக்கியெடுத்த புதுப் பாவாடையும் தாவணியும் கட்டினார்கள். ஏரியின் உட்புறத்திலிருந்து எடுத்த களிமண்ணை உருட்டி, ஈரத்துணிச் சும்மாட்டின் மேல் வைத்தார்கள். அதன் பிறகு அவள் பேசக்கூடாது, கையால் பிடிக்கக்கூடாது. ஊரார் கரைக்குக் கீழே வயல் ஓரத்தில் நின்றோம். பம்பை முழங்கியது. அக்கா கரைமேல் தனியாக வந்தாள். கரையின் ஒரு முனையிலிருந்து கன்னிக் கல் வரை என் அடியில் அறுநூற்று நாற்பது. பின்னால் ஏரித் தண்ணீர் தெரியாது, வானம் மட்டும்தான் தெரியும். மஞ்சள் துணியோடு அவள் வானத்தில் நடப்பதுபோல் இருந்தது. அது காலையில் என்னோடு பேசிய அக்கா அல்ல. 

கல்லுக்கு நேராக வந்ததும் எங்களைப் பார்த்தபடி சரிவில் இறங்கினாள். வழக்கம் என்னவென்றால், பெண் அங்கே திரும்பி நின்று, எங்களுக்கு முதுகு காட்டி, கல்லின் அடியில் மண்ணை அப்ப வேண்டும். அக்கா திரும்பவில்லை. கல்லுக்கு முன்னால் அப்படியே நின்றாள். பம்பைக்காரர் திரும்பட்டும் என்று மறுபடி மறுபடி அடித்தார். அவள் மெல்ல மெல்ல உடம்பைத் தாழ்த்தி, கரையில் முதுகை வைத்து, முழங்காலைக் கட்டி உட்கார்ந்தாள். பிறகு தலையிலிருந்த மண்ணை இரண்டு கையாலும் எடுத்து, பார்க்காமலே பின்னால் கொண்டுபோய்த் தடவித் தடவி அப்பினாள்.

பம்பை நின்றது. கலங்கலில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. எந்த வருடமும் எந்தப் பெண்ணும் அங்கே உட்கார்ந்தது கிடையாது. கன்னி எப்படி உட்கார்ந்தாளோ அப்படி அக்கா உட்கார்ந்திருந்தாள்.

பூசாரி சேற்றில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "வந்துட்டா. யாரும் கிட்ட போவாதீங்க" என்றார். ஆண்கள் கும்பிட்டார்கள். மாமா தலைமுண்டாசை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அப்பாவின் கண்ணில் நீர் வழிந்தது. அதற்கு முன்னால் நான் அதைப் பார்த்ததில்லை.

அம்மா மட்டும் நடந்தாள்.

"கிட்ட போவாதம்மா" என்றார் பூசாரி.

"எம் பொண்ணு. நான் போவேன்" என்றாள் அம்மா.

குனிந்த அம்மாவின் காதில் அக்காவின் உதடு அசைந்தது. கன்னி பேசுகிறாள் என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.  அம்மா சரிவிலிருந்து ஈரக் களிமண்ணை இரண்டு கையிலும் அள்ளி, அக்காவின் இடுப்பிலும் பாவாடையிலும் பூச ஆரம்பித்தாள். முன்னால் கொஞ்சம், பின்னால் நிறைய. எதிர் வீட்டு அத்தை அதை இரண்டு நொடி பார்த்தாள். 

"இன்னாத்துக்கு நின்னுனு கீறீங்க? சேறு எடுங்கடி" என்று மற்றப் பெண்களை அதட்டினாள்.

பதினான்கு பேர் ஏறினார்கள். எண்ணினேன். அக்காவைச் சுற்றி வளைத்துக்கொண்டு ஆளுக்கு இரண்டு கை சேறு பூசினார்கள். குலவை போட்டார்கள். யார் ஆரம்பித்தது என்று தெரியாது, குடிசைப் பாட்டை எடுத்தார்கள். ஆண்கள் முன்னால், முழுப் பாட்டையும், பச்சை ஓலையையும் பதில் வராத குரலையும் விடாமல் பாடினார்கள். பூசாரி எழுந்திருக்கவே இல்லை. பாட்டு முடிந்து பெண்கள் விலகியபோது அக்கா எழுந்து நின்றாள். கழுத்திலிருந்து கால்வரை ஒரு விரல் அகலம்கூட மஞ்சள் தெரியவில்லை. ஏரிக்கரையே எழுந்து நின்று மூச்சு விடுவதுபோல் இருந்தது. நானும் கும்பிட்டேன்.

அந்த வருடம் கரை உடையவில்லை. அதற்கடுத்து ஏரி நிரம்பிய ஒவ்வொரு முறையும் மண் கொண்டுபோன பெண் கல்லடியில் உட்கார்ந்தாள், பெண்கள் சேறு பூசினார்கள். அது ஆதி வழக்கம் என்று பூசாரி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல நான் கேட்டிருக்கிறேன்.

அக்கா ஏன் உட்கார்ந்தாள் என்று அவளே என்னிடம் சொன்னது இருபத்திரண்டு வருடம் கழித்து, என் மூத்த மகளின் சடங்குக்காக நாங்கள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது.

"நடக்கறப்பவே தெரிஞ்சிபோச்சி, பாவாட நனஞ்சிடுச்சின்னு. திரும்பினா ஊரே பாக்கும். அதான் ஒக்காந்துட்டேன்."

கரை உடையும் என்று பயமாக இல்லையா என்று கேட்டேன். அதற்கெல்லாம் அப்போது ஏது நேரம் என்றாள். ஒரு காயை நறுக்கி முடித்துவிட்டு, "அந்தக் கன்னியும் அதுக்குத்தான் ஒக்காந்தாளோ இன்னாவோ" என்றாள். எனக்கு அன்று கரைக்குக் கீழே வந்த அதே சிலிர்ப்பு மறுபடி வந்தது.

ஆனால் அந்த வியாழக்கிழமை எனக்கு இது எதுவும் தெரியாது. பொழுது சாயும்போது அம்மா அக்காவைக் கிணற்றடியில் உட்காரவைத்துப் பதினோரு குடம் தண்ணீர் ஊற்றினாள். என்னை அருகில் வரவிடவில்லை. தெய்வத்துக்கு நீராட்டும்போது சின்னப் பிள்ளைகள் நிற்கக்கூடாது போலும் என்று நினைத்தேன். சாப்பிடும்போது அக்கா பக்கத்தில் உட்காரக் கூச்சமாக இருந்தது. காலையில் நான் பார்த்த ரகசியத்தைக் கன்னி மன்னித்துவிட்டாள், அது எனக்கும் அக்காவுக்கும் கன்னிக்கும் மட்டும் தெரிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஐந்தே கால் மணிக்கு அம்மாவின் குரல் கேட்டு விழித்தேன். அக்கா பெரியவளாகிவிட்டாள், இப்போதுதான், விடியற்காலை நாலரைக்கு என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பெண் பூப்படைந்த நாளையும் நேரத்தையும் வைத்து ருது ஜாதகம் எழுதுவார்கள். அதனால் அப்பா நாலரை, நாலரை என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். நாள் தப்பு என்று எனக்குத் தெரியும். கன்னி அம்மாவின் கண்ணையும் கட்டிவிட்டாளே என்று அம்மாவுக்காகப் பரிதாபப்பட்டு, வாயை மூடிக்கொண்டேன்.

கதவைத் திறந்தபோது எதிர் வீட்டு அத்தை நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் நான்கு பேர், வெல்லமும் உளுந்தும் வைத்துக்கொண்டு நின்றார்கள். இன்னும் யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. இவர்களுக்கு யார் சொன்னது என்று அம்மாவைக் கேட்டேன். அம்மாவும் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போயி மாமாவ எழுப்பு. பச்ச ஓல வெட்டணும்னு சொல்லு" என்றாள் அம்மா.

நான் போய் எழுப்பினேன்.