கட்டுப் போட்ட வீடு

பேச்சிமுத்து ஓட்டிய ராஜபாளையம்–ஸ்ரீவில்லிபுத்தூர் டவுன் பஸ்ஸின் மேல் கல் விழுந்தது 1995 மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை பத்தே கால் மணிக்கு. எந்த ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் என்று சொன்னால் அந்த ஊர்க்காரர்களுக்குக் கோபம் வரும். அந்த வருஷம் அந்தப் பக்கத்தில் கோபப்படாத ஊர் ஏதாவது இருந்ததா என்பதே சந்தேகம். சாதிச் சண்டையில் இவர்கள் அவர்களை வெட்டினார்கள், அவர்கள் இவர்களை வெட்டினார்கள், இரண்டு தரப்புக்கும் பொதுவாக வாய்த்தது பஸ். முன் கண்ணாடி மொத்தமும் நொறுங்கி பேச்சிமுத்துவின் மடியில் கொட்டியது. அதிசயமாக உடம்பில் ஒரு கீறல் இல்லை. வண்டியை ஓரங்கட்டி, சனங்களை இறக்கிவிட்டு, டிப்போவில் நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அன்று சாயங்காலம் அடுப்படியில் ஒரு டம்ளர் கீழே விழுந்தது. பேச்சிமுத்து கட்டிலுக்கு அடியில் இருந்தார்.

நாற்பத்தாறு வயது மனிதர், ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. கட்டிலுக்கு அடியில் அவர் மடங்கிக் கிடந்ததைப் பார்த்து அவர் மனைவி வெள்ளைத்தாய்க்கு முதலில் சிரிப்பு வந்தது. கூப்பிட்டும் அவர் வெளியே வரவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். "சத்தமில்லாத இடமா பாத்து வெச்சுக்கோங்க" என்றார். ராஜபாளையத்தில் அப்படி ஓர் இடம் இருப்பதாக வெள்ளைத்தாய் கேள்விப்பட்டதில்லை. ஊர் முழுக்க மில்லு, மில்லு இல்லாத சந்தில் தறி, தறி இல்லாத சந்தில் டீக்கடை ரேடியோ. இடத்தை நாமேதான் செய்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்தாள். அவளிடம் அதற்குச் சரக்கும் இருந்தது.

அவள் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் தறி ஓட்டினாள். ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் கட்டுத்துணி நெய்யும் இடம். இழை விட்டுப் போன துணி, கறை பட்ட துணி எல்லாம் கழிவாக ஒதுங்கும். வேலை செய்கிறவர்கள் கேட்டால் கொடுப்பார்கள். வெள்ளைத்தாய் ஒரு மூட்டை கேட்டு வாங்கி வந்தாள். முதலில் எவர்சில்வர் பாத்திரங்களின் மூடிகளுக்கு விளிம்பு சுற்றினாள். அடுத்து நாற்காலிக் கால்கள். அடுத்து கதவுக் கொண்டி, சைக்கிள் மணி, தண்ணீர்க் குடத்தின் அடிப்பாகம், காற்றில் படபடக்கும் தேதிக் காலண்டர். குக்கரைப் பரணில் ஏற்றினாள். சுவர்க் கடிகாரத்தை நிறுத்தினாள். நேரம் தெரிய மில் சங்கு இருந்தது. அதற்குக் கட்டுப் போட முடியாது என்பதோடு, பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் என்பதால் பேச்சிமுத்து அதற்கு மட்டும் பயப்படவும் இல்லை. கதவைத் தட்டாமல் கடிதங்களைப் பக்கத்து வீட்டு ஜெயபாயிடம் கொடுத்துவிடும்படி தபால்காரரிடம் சொல்லி வைத்தாள்.

கண்டக்டர் ராஜரத்தினம் ஒரு நாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்தார். வாசலில் நின்று வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அண்ணாச்சிக்குத்தான் ஒண்ணும் ஆகலைன்னாங்க. வீட்டுக்கு எம்புட்டு அடி?"

வெள்ளைத்தாய் உதட்டில் விரலை வைத்தாள். அவர் கிளம்புவதற்குள் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கும் கட்டுப் போட்டாகிவிட்டது.

பேச்சு ஒன்றுதான் பாக்கி. தறிக்காரிகளுக்குத் தொண்டை பெரிது. வெள்ளைத்தாய் மெதுவாகப் பேசுவதாக நினைத்துப் பேசினால் மூன்றாவது வீட்டில் பதில் சொல்வார்கள். அதனால் வீட்டிலும் தறிப் பேச்சே பேசுவது என்று வைத்துக்கொண்டாள். தறிக்கூடத்தில் அம்பது தறி ஓடும்போது யார் கத்தினாலும் காதில் விழாது. அங்கே பெண்கள் குரலே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்து ஊர்க்கதை முழுவதையும் பேசி முடிப்பார்கள். உதடு காட்டிக்கொடுக்காத இடத்தில் கை உதவிக்கு வரும். 'ப'வுக்கும் 'ம'வுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடும் என்பதால், 'ம' என்றால் மூக்கைத் தொட்டுக் காட்ட வேண்டும். மூக்கைத் தொடாவிட்டால் 'மாடு' 'பாடு' ஆகிவிடும். பேச்சிமுத்து பத்து நாளில் ஓரளவு படித்துக்கொண்டார். பதில் மட்டும் சொல்ல மாட்டார். சோறு போதுமா என்றால் தலையாட்டுவார், போதாதா என்றாலும் தலையாட்டுவார்.

இப்படியே பங்குனி போய்ச் சித்திரை வந்தது. வீட்டில் இலை விழுந்தால் கேட்கும். பேச்சிமுத்துவும் இலை விழுந்தாலே திடுக்கிட ஆரம்பித்திருந்தார். கட்டிலைவிட்டு வெளியே வருவது குறைந்தது. மெடிக்கல் லீவு அந்த மாதத்தோடு முடிகிறது, வண்டி எடுக்க முடியாதென்றால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடலாம் என்று டிப்போவிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். வெள்ளைத்தாய்க்கு வேலை போவதுகூடப் பெரிதாகப்படவில்லை. பத்தொன்பது வருஷமாக அந்த வீட்டில் இரண்டே பேர். அதில் ஒருவர் கட்டிலுக்கு அடியிலேயே தங்கிவிட்டால் மிச்சம் ஒருத்தி எதற்கு என்று பயந்தாள்.

ஒரு திங்கட்கிழமை அவள் ஷிப்டு முடிந்து வந்தபோது ஜெயபாய் ஒரு கடிதத்தைக் கொடுத்தாள். கான்சாபுரத்திலிருந்து மாமனார் எழுதியது. நடவெல்லாம் முடித்துவிட்டு ஐப்பசியில் கண் ஆபரேஷனுக்கு வருகிறாராம். படித்துவிட்டுச் சுவரில் இருந்த கடிதக் கம்பியில் குத்தினாள். நாலு மணிக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தபோதுதான் கணவரிடம் சொல்ல நினைவு வந்தது. இரண்டு கையிலும் பானை. திரும்பி, உதட்டை அசைத்தாள்:

"ஐப்பசியில மாமா வாராவ."

மூக்கைத் தொடக் கை இல்லை.

பேச்சிமுத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்தார். வந்து பானையை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர் குரல் வந்தது.

"கனமெல்லாம் தூக்காதட்டி."

அப்பாவைப் பார்க்கப் போகிற சந்தோஷம் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். மறுநாள் காலை அவர் முகம் மழித்து, காக்கிச் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு டிப்போவுக்கே கிளம்பிவிட்டார். வெள்ளைத்தாய் கம்பெனிக்குப் போய்விட்டுத் திரும்பினால், புதன்கிழமையிலிருந்து டூட்டி என்றார். அலமாரியில் நாலு பச்சை மாங்காய் இருந்தது. அது எதற்கு என்று அவளுக்கு விளங்கவில்லை. ஜெயபாய்தான் சுவருக்கு மேலே தலையை நீட்டி விளக்கினாள்.

"ஏம்மா வெள்ளைத்தாயி, பத்தொன்பது வருசத்துக்குப் பொறவு! எங்கிட்டகூட மறைச்சிட்டியே. காலையில டிப்போவுக்குப் போறப்ப அவிய சொல்லித்தான் தெரியும். பொட்டப்புள்ளைன்னு அடிச்சுச் சொல்லுதாவ, அதுக்குள்ள எப்படித் தெரியும்?"

வெள்ளைத்தாய் உள்ளே வந்து உட்கார்ந்தாள். மறுநாள் தறி முன்னால் நிற்கும்போது வெறும் உதட்டால் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தாள். மாமா வாராவ. பாப்பா வாரா. இரண்டாவது தடவை சொன்னபோது கண் கலங்கியது. பக்கத்துத் தறிக்காரி என்ன என்று புருவத்தைத் தூக்கினாள். பஞ்சுத் தூசி என்று கண்ணைக் காட்டினாள்.

அன்றுமுதல் பேச்சிமுத்து ஒழுங்காக வண்டி எடுத்தார். கல் விழுந்த அதே விலக்கு வழியாகத்தான் போய்வந்தார். சண்டை ஓய்ந்தபாடில்லை. தளவாய்புரம் பக்கம் மூன்று நாள் பஸ்ஸே விடவில்லை. ஐந்து மணிக்கெல்லாம் கடை அடைத்தார்கள். அவரோ வீட்டுக்கு வந்து, கை கழுவி, இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். உண்மையைச் சொன்னால் மறுபடி கட்டிலுக்கு அடியில் போய்விடுவார். சொல்லாவிட்டால் ஐப்பசியில் வந்து இறங்கப்போவது எழுபத்தைந்து வயதுக் கிழவர். வெள்ளைத்தாய் ஒரு வாரம் இதையே மாற்றி மாற்றி நினைத்தாள். இதற்கிடையில் ஜெயபாய் வளையல் எந்த நிறம் என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்த புதன்கிழமை அவள் லீவு போட்டிருந்தாள். அவருக்கு மதியம் இரண்டு மணி வண்டி. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்றாள். கை இரண்டும் காலியாகத்தான் இருந்தது. இருந்தும் குரலை எடுத்தே சொன்னாள்.

"நான் சொன்னது பாப்பா இல்ல. மாமா. ஒங்க அப்பா. கண்ணு ஆபரேசனுக்கு வாராவ."

பேச்சிமுத்து கடைசிப் பொத்தானையும் போட்டு முடித்தார்.

"தெரியும்."

"எப்ப?"

"அந்தச் செவ்வாக்கிழமை மத்தியானமே. லைசென்ஸத் தேடுனேன். கம்பியில அப்பா கடுதாசி இருந்துச்சு."

"பொறவு எதுக்கு மறுநா டூட்டிக்குப் போனிய?"

"காலையிலயே பேரு கொடுத்துட்டு வந்துட்டேன்லா. மேனேஜர்கிட்டப் போயி என்னன்னு சொல்ல? எம் பொண்டாட்டி மூக்கத் தொடலைன்னா?"

அவள் சிரிக்கவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"திங்கக்கிழமை நாலு மணியில இருந்து செவ்வாக்கிழமை மத்தியானம் வரை நான் ஒரு புள்ளைக்கு அப்பன்ட்டி. அம்புட்டு நேரமும் எம் மண்டைக்குள்ள ஒரு கல்லு விழலை. அது போதும்னு வண்டியில ஏறிட்டேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நீ அழுவியேன்னு சொல்லலை."

அவள் அழுதாள். பிள்ளை இல்லையென்று பத்தொன்பது வருஷமாக அவள் அழுததெல்லாம் தறிக்கூடத்தில், அம்பது தறிக்கு நடுவில், யாருக்கும் கேட்காத அழுகை. வீட்டில் அவள் வாய்விட்டு அழுதது அதுதான் முதல் தடவை. தறிக்காரியின் தொண்டை. ஜெயபாய் யாரோ போய்விட்டார்கள் என்று தலையை முடிந்துகொண்டு ஓடி வந்தாள், எதிர்ச் சாரியில் இரண்டு கதவு திறந்தது.

பேச்சிமுத்து திடுக்கிடவில்லை. ஜெயபாயை "செத்த நேரம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, காக்கிச் சட்டையோடு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அழாதே என்று அவர் சொல்லவில்லை. அவளும் நிறுத்துவதாக இல்லை. மில் சங்கு ஊதியது. அன்றைக்கு இரண்டு மணி வண்டியை வேறு ஆள் எடுத்துக்கொண்டு போனார்.