ஈரச் சாக்கோடு ஏறிய எடை

தொண்ணூறு ராத்தல், தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றொன்பது. மார்ச்சிலிருந்து ஜூன் வரை ஒரு கர்ப்பிணியின் எடை, பவுண்டு என்னும் ராத்தல் கணக்கில். நீல மையில், கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி சிந்தாமல், என் கையெழுத்தில். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘திருப்தி’ என்று எழுதியிருந்தேன். அந்தப் பக்கம் இன்றைக்கும் வரி வரியாக நினைவிருக்கிறது.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் இலங்கை மலைநாட்டில், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மருந்துக்காரனாக இருந்தேன். பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கியவன்தான், ஆனால் டாக்டர் இல்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து மக்கள் ‘டாக்டரய்யா’ என்றார்கள். நானும் வேண்டாமென்று சொல்லவில்லை. உண்மையான டாக்டர் மாதத்துக்கு ஒரு நாள் காரில் வருவார். நான் நீட்டும் பதிவேடுகளில் கையெழுத்துப் போடுவார், பிறகு துரை பங்களாவில் சாப்பிடப் போவார். அவர் வயிறு நிறைந்து திரும்பும்போது மீசையில் முட்டை மஞ்சள் ஒட்டியிருக்கும். கர்ப்பிணிகளுக்கு முட்டை அவசியம் என்பதில் அவருக்கு மாற்றுக் கருத்து இருந்ததில்லை.

விதி இதுதான். கர்ப்பிணியை மாதம் ஒரு முறை நிறுக்க வேண்டும். எடை ஏறாவிட்டால் அவளுக்குப் பால்மா, மீனெண்ணெய், இரும்பு மருந்து, கொழுந்து பறிப்பதற்குப் பதிலாக இலேசான வேலை. இதற்கு டாக்டரின் கையெழுத்து வேண்டும். எடை ஏறியிருந்தால் ‘திருப்தி’. திருப்தியானவர்களுக்கு எதுவும் கிடையாது. சரக்கு கொஞ்சம், வயிறுகள் அதிகம். ஆகையால் விதி நியாயமானது என்றுதான் நானும் நினைத்தேன். விதிகளை எனக்குப் பிடிக்கும். யாரும் கேட்காமலே ஒப்பிப்பேன்.

ஆளை நிறுக்க நான் மருந்து கொடுக்கும் அறையில், அந்த மருந்துக் காம்பராவில், தராசு இல்லை. மூன்று பிரதிகளில் விண்ணப்பித்தேன். இருக்கிற வசதியைப் பயன்படுத்திக்கொள்ளும்படி பதில் வந்தது. இருக்கிற வசதி, பறித்த கொழுந்தைக் கொண்டுவந்து சேர்க்கும் கொட்டகையான மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் தொங்கு தராசு. அதன் கொக்கியில் ஒரு பலகையைக் கயிறு கட்டித் தொங்கவிட்டு, கர்ப்பிணிகளை ஒவ்வொருத்தியாக உட்கார வைத்தோம். முதல் நாள் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “டாக்டரய்யா ஊஞ்சல் கட்டிவிட்டிருக்காரு, ஆடுங்கடி” என்றாள் ஒருத்தி. கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்துச் சத்தமாக எண்ணைச் சொல்வார். நான் எழுதுவேன். கொழுந்து கொண்டுவந்த நேரத்திலேயே நிறுத்துவிடுவதால் அவர்கள் வேலையும் கெடுவதில்லை, என் வேலையும் கெடுவதில்லை. இந்த ஏற்பாட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நான் சொல்லும் பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். முதல் பிள்ளை பிறந்த அன்றே செத்துப்போயிருந்தது. இது இரண்டாவது. கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைக் காகிதம் மாதிரி இருக்கும். நகங்கள் குழிந்திருந்தன. சோகை என்று கண்டுபிடிக்கப் படிப்புத் தேவையில்லை, படித்தும் இருந்தேன். தாய்க்கு இரத்தம் இல்லாவிட்டால் பிள்ளை சிறுத்துப் பிறக்கும், பிரசவத்தில் சாதாரணமாகப் போகும் இரத்தம்கூட அவளைக் கொல்லும் என்று பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான்.

அவள் சாப்பாட்டை ஒருமுறை லயத்துக்குப் போய்ப் பார்த்தேன். மா மூட்டையில் புழு நெளிந்தது. சலிக்க நேரமிருந்தால் சலித்துச் சுடுவார்கள், இல்லாவிட்டால் புழுவும் ரொட்டியோடு வேகும். புருஷன், கொழுந்தன்மார், மாமியார் எல்லோரும் தின்ற பிறகு அடுப்போரம் மிஞ்சியது அவளுக்கு. அன்றைக்குக் கருகிய அரை ரொட்டியும் உப்பும் மிளகாயும் அரைத்த துவையலும் மிஞ்சியிருந்தன. பக்கத்தில் ஆடை கட்டிய தேத்தண்ணி. உலகத்துக்கே தேயிலை பறித்து அனுப்புகிறவள் குடித்தது, மூன்றாம் முறை கொதிக்க வைத்த தூளின் சாயம்.

மாமியாரிடம் முட்டை, கீரை, பால் என்று பிரசங்கம் செய்தேன்.

“முட்டை சூடுங்க. கீரை வாய்வு. பாலு சளி கட்டும். பப்பாளிய வாய்லயே எடுக்காதீங்க” என்றாள் மாமியார்.

“அப்ப அவ என்னத்தத் திங்கறது?”

“ரொட்டி இருக்குங்களே. அதுலயும் ஏழு மாசத்துக்கு மேல வயித்த நெறைக்கக் கூடாதுங்க. புள்ள பெருத்துரும். எம்மவ அப்படித்தான் போனா. ரெண்டு நாளு வலி, புள்ள தலை எறங்கல. பெரிய தலைங்க. ரெண்டும் போச்சு.”

மகளைப் பறிகொடுத்தவளிடம் பாடப்புத்தகத்தை நீட்ட முடியாது. என்னிடம் பதிவேடு இருந்தது, பதிவேட்டில் எடை ஏறிக்கொண்டிருந்தது. அது எனக்குப் போதுமாக இருந்தது.

ஜூன் மாதம் எடை பார்த்த மறுநாள் அந்தப் பெண் தனியாக மருந்துக் காம்பராவுக்கு வந்தாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது.

“டாக்டரய்யா, ஒரு கோப்பை பாலு கரைச்சுக் குடுங்களேன். மத்தவங்களுக்குக் குடுக்கறீங்கள்ல?”

“அவங்களுக்கு எடை ஏறல. ஒனக்கு ஏறியிருக்கே. நாலு ராத்தல்! நல்லாத்தானே இருக்க?”

“பசிக்குதுங்க.”

“பசிச்சா சாப்பிடு.”

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். போகும்போது மாமியாருக்கும் சொல்லிவிடச் சொன்னேன், எடை நன்றாக ஏறுகிறது, பயப்பட வேண்டாம் என்று. பால்மா இருந்த அலமாரியின் சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது.

ஜூலை மாதம் நிறுக்கும் நாள் வந்தது. விடாத மழை. மடுவம் முழுக்க நனைந்த கம்பளி, சேறு, கசங்கிய கொழுந்து எல்லாம் சேர்ந்து ஒரு வீச்சம். அட்டை கடித்த கால்களிலிருந்து இரத்தம் சிமெந்துத் தரையில் ஒழுகியது. கர்ப்பிணிகளை நிறுத்து முடித்துவிட்டோம். அந்தப் பெண் நூற்றொரு ராத்தல். ‘திருப்தி’ என்று எழுதி மையை ஒற்றினேன். பிறகு கணக்கப்பிள்ளை வழக்கம்போலக் கொழுந்தை நிறுத்து, ஒவ்வொரு கூடைக்கும் மழைத்தண்ணீருக்கென்று மூன்று ராத்தல் கழித்தார். வாய்த்துடுக்கான ஒரு பெண் சண்டைக்கு வந்தாள்.

“மூணு ராத்த தண்ணியா? புழிஞ்சு காட்டுங்க பாப்போம்!”

“தண்ணிக்குக் கழிக்காம ஒன் மூஞ்சிக்கா கழிப்பாங்க? போ அங்கிட்டு.”

“எலைக்கு மட்டும் ஒங்க முள்ளுக்குத் தண்ணி தெரியுது. இந்தப் புள்ளத்தாச்சி சாக்கும் கம்பளியுமா சொட்டச் சொட்ட ஏறி ஒக்காந்தாளே, அவளுக்கு எத்தன ராத்த கழிச்சீங்க?”

மடுவமே சிரித்தது. கணக்கப்பிள்ளையும் சிரித்தார். நான் மட்டும் மூடிய பதிவேட்டை மறுபடி திறந்தேன்.

மழைக்காலத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பிலிருந்து கணுக்கால்வரை படங்குச் சாக்கைச் சுற்றிக் கட்டுவார்கள், தலைக்குமேல் கம்பளி. ஆண்கள் நிற்கும் மடுவத்தில் அவற்றை அவிழ்க்கச் சொல்ல எனக்குக் கூச்சம், அவிழ்க்க அவர்களுக்கும் கூச்சம். மார்ச்சில் வெயில். சாக்கு காய்ந்திருந்தது, கம்பளி இல்லை. மே மாதம் மழை பிடித்தது. நான் மூன்று மாதமாக எழுதிக்கொண்டிருந்தது தென்மேற்குப் பருவக்காற்றின் எடையை.

அந்தப் பெண்ணை மூலையில் இரண்டு பெண்கள் மறைத்து நிற்க, சாக்கையும் கம்பளியையும் அவிழ்த்து வாங்கித் தராசில் போட்டேன். பதின்மூன்று ராத்தல். மீதி எண்பத்தெட்டு. மார்ச்சின் காய்ந்த சாக்கைக் கழித்துப் பார்த்தாலும், எட்டு மாத வயிற்றோடு அவள் அப்போது இருந்ததைவிட ஒரு ராத்தலாவது குறைந்திருந்தாள். பிள்ளை வளர்ந்திருந்தால், அது தாயைத் தின்று வளர்ந்திருந்தது.

இந்த இடத்தில் மனிதனாக இருப்பவன் அலமாரியைத் திறந்திருப்பான். எனக்கு நடைமுறை தெரியும். டாக்டரின் கையெழுத்தில்லாமல் பால்மா வழங்கக் கூடாது. அவர் வர இன்னும் பன்னிரண்டு நாள். முழு விளக்கத்தோடு அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன், அதையும் அழகாகத்தான் எழுதினேன். பன்னிரண்டு நாளும் அந்தச் சாவியோடு நடமாடினேன், சாப்பிட்டேன், தூங்கினேன்.

டாக்டர் வந்து பதிவேட்டைப் புரட்டினார். ஜூன்வரை தன்னுடைய கையெழுத்து இருக்கிறது, அதை அடித்துத் திருத்தினால் மேலிடத்தில் கேள்வி வரும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். பழைய பக்கங்கள் இருந்தபடியே இருக்கட்டும், ஆகஸ்டிலிருந்து சாக்கில்லாமல் நிறுத்துப் புதிய பத்தியில் எழுதினால் போதும், பால்மாவும் ஆகஸ்டிலிருந்து கொடுக்கலாம் என்றார். “சரி சார்” என்றேன். நல்ல சுத்தமான பதிவேடு என்று பாராட்டிவிட்டுப் பங்களாவுக்குப் போனார்.

ஜூலை கடைசி வாரத்தில் அவளுக்கு மாதம் முற்றும் முன்னரே வலி வந்தது. பெண்பிள்ளை. அரிசி நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன், மூன்று ராத்தல் சொச்சம். தோல் எலும்பில் ஒட்டாமல் தொங்கியது, கிழவியின் முகம். முலையைச் சப்பத் தெம்பில்லை, சொட்டுச் சொட்டாக விட்டால் வாயோரம் வழிந்தது. மூன்றாம் நாள் போய்விட்டது. தாய்க்கு நிறைய இரத்தம் போயிருந்தது. ஆனாலும் பிழைத்துக்கொண்டாள். மரணப் படிவத்தில் காரணம் எழுதும் இடத்தில் ‘பிறவிப் பலவீனம்’ என்று எழுதினேன். அப்படி எழுதுவதுதான் வழக்கம். குற்றத்தைப் பிறந்த பிள்ளையின் தலையில் கட்டிவிடுவதற்கு அதைவிடச் சௌகரியமான இரண்டு சொற்கள் கிடையாது.

நான்கு நாள் கழித்து மாமியார் வந்தாள். மருமகளுக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல். மருந்தைக் கலக்கிக் கொடுத்தேன். போகாமல் நின்றாள்.

“பெருத்துரும்னு பயந்தேனுங்க. இத்தனூண்டு இருக்கும்னு நெனைக்கலியே.”

நான் போத்தலை மூடிக்கொண்டிருந்தேன்.

“மாசாமாசம் ஏறுது ஏறுதுன்னு சொல்லி விட்டீங்களா, புள்ளதான் வளத்தியா வளருதுன்னு பயந்துபோயி ராத்திரி ரொட்டிய நிறுத்திப்புட்டேனுங்க. அவளும் பாவம், சரின்னுட்டா. மொதப் புள்ளதான் போச்சே, இதாவது லேசா பொறக்கட்டும்னு.”

“நான் சொன்ன எடை சாக்கோட சேத்து” என்றேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

“கழிச்சிருப்பீங்கன்னுல்ல நெனச்சோம்” என்றாள். “அந்தத் தராசுல கழிக்காம எப்பங்க எழுதியிருக்காங்க?”

மருந்துப் போத்தலை முந்தானைக்குள் மழை படாமல் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். ஒரு வேளைக்கு எத்தனை கரண்டி கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லியிருக்கவில்லை. பின்னால் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.