மூன்று பூட்டும் ஒரு ஜெராக்ஸ் கடையும்

முந்தாநாள் சாயந்திரம் மாடவீதியில் பூ வாங்கிக்கொண்டிருந்தேன். முழம் போட்டுக்கொண்டே பூக்கார அம்சா கேட்டாள்: "இன்னாக்கா, உங்க பில்டிங் செகரட்டரியம்மா மேட்டரு தெரியுமா?"

எனக்குத் தெரியும். மூன்று மாதமாகத் தெரியும். இருந்தாலும் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "என்ன மேட்டர்?" என்றேன்.

"அட, ஊருக்கே தெரியும், உனுக்குத் தெரியாதா?" என்று சொல்லி, அரை முழம் கூடப் போட்டாள். விவரம் தெரியாதவர்கள் மேல் அம்சாவுக்கு எப்போதும் ஓர் இரக்கம் உண்டு.

ஊருக்கே தெரியுமாம்! மூன்று ஆப் மாற்றி, பாஸ்வேர்டு போட்டு, கைரேகை வைத்துப் பூட்டிய ரகசியம்... பூக்கூடை வரைக்கும் எப்படி வந்தது? சொல்கிறேன். சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி வாங்கிவிட்டுத்தான் சொல்கிறேன்.

எங்கள் மயிலாப்பூர் ஃப்ளாட்டில் பதினாறு வீடு. செகரட்டரி உஷா, என் எதிர் வீட்டுக்காரி. லிஃப்ட் நின்றுபோனால் கம்பெனிக்கு இங்கிலீஷில் ஒரு மெயில் போடுவாள் பாருங்கள், மறுநாள் காலை ஆள் வந்து நிற்பான். நோட்டீஸ் போர்டில் அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனால் பில்டிங்கே சேர்ந்து அவளுக்கு ஒரு டிகிரி கொடுத்துவிட்டது. பி.காம் என்று ஒரு கட்சி, எம்.ஏ. என்று இன்னொரு கட்சி. "எந்த காலேஜ்மா?" என்று யாராவது கேட்டால், "காபி சாப்பிடறீங்களா?" என்பாள். மயிலாப்பூரில் காபி என்ற வார்த்தைக்குப் பிறகு பழைய கேள்வி யாருக்கு ஞாபகம் இருக்கும்?

மூன்று மாதம் முன்பு ஒரு மத்தியானம் என் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"அக்கா, நான் டென்த் ஃபெயில்."

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது வெங்காயத்தால்தான். ஆனால் அவள் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு என்னைத் தேற்ற ஆரம்பித்துவிட்டாள்.

"அழுவாதக்கா. கணக்குல மட்டுந்தான். இருபத்தெட்டு மார்க்கு. சைதாப்பேட்டைல எங்க தெரு உனக்குத் தெரியாது. ரிசல்ட் பேப்பர்ல என் நம்பர் இல்லன்னு தெரிஞ்சதும் ஒவ்வொரு வூட்லேர்ந்தும் வந்து துக்கம் விசாரிச்சாங்க. கையில பழம் வேற! வாழைப்பழம், சாத்துக்குடி... ஜொரம் வந்தவளப் பாக்க வர்ற மாதிரி. நான் பாத்ரூமுக்குள்ள போயி தாழ்ப்பாள் போட்டுக்கினேன்."

அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் பக்கம் போகவில்லை. கல்யாணம், குழந்தை, இந்த ஃப்ளாட். இங்கிலீஷ் எல்லாம் மகள் நித்யாவின் பாடப்புத்தகத்தைப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டது. இப்போது தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதப் போகிறாள், எல்லாப் பாடமும், முதலிலிருந்து. கணவருக்கு மட்டும் தெரியும். அவர் பேசுவதே அபூர்வம், பிரச்சினை இல்லை.

"பாஸானா நானே சொல்றேன்க்கா. ஃபெயிலாயிட்டா... ஒருத்தரும் பழம் எடுத்துக்கினு வரக்கூடாது."

அவ்வளவுதான் அவள் நிபந்தனை. என்னுடைய வேலை? தினமும் அவள் ஒரு கணக்குப் போட்டு அதை போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவாள். நான் "ஆச்சா?" என்று கேட்க வேண்டும். சரியா தப்பா என்று சொல்ல என்னால் ஆகாது. நானே வகுப்பறையில் கற்றதைவிட பஸ் ஸ்டாப்பில் கற்றதுதான் அதிகம். ஆனால் கேட்க ஓர் ஆள் இருந்தால்தானே மனுஷிக்குச் செய்யத் தோன்றும்?

சிக்கல் எங்கே என்றால், நித்யா. வேளச்சேரியில் ஐ.டி. வேலை. வீட்டுக்கு வந்தால் சாப்பாடு ஆர்டர் பண்ண அம்மா போனைத்தான் எடுப்பாள். ஆக, பத்திரமான மெசேஜ் ஆப் எது? நானும் உஷாவும் ஆராய்ச்சியில் இறங்கினோம். கம்பெனி பெயரெல்லாம் எதற்கு, நிறத்தைச் சொன்னாலே உங்களுக்குப் புரியும்.

முதலில் எல்லோரிடமும் இருக்கும் பச்சை. கோயில் உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் உள்ளே என்ன போட்டீர்கள் என்று நடுவில் யாருக்கும் தெரியாது, கம்பெனிக்காரனுக்கே தெரியாது. ஆனால் உண்டியல் பக்கத்தில் கம்பெனி ஆள் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். யார் வந்தார், எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை தடவை வந்தார் — அதெல்லாம் அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். போதாததற்கு, பேசியதற்கெல்லாம் ஒரு நகல் பேக்கப் என்று தனியாகப் போய் உட்காருகிறது. அதற்கும் ஒரு பூட்டு உண்டு, நாமாகத் தேடிப் போய்ப் போட வேண்டும். எத்தனை பேர் போட்டிருக்கிறோம்? நான் போடவில்லை. இப்போது போட்டுவிட்டேன்.

அடுத்தது காகித விமானம். பெரிய ரகசியக்காரர்கள் எல்லாம் அதில்தான் இருக்கிறார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். பார்த்தால், சாதாரணமாகப் பேசினால் இன்னொரு சாவி கம்பெனியிடமும் இருக்கிறது! ரகசிய அரட்டை என்று தனியாக ஒன்றைத் திறந்து பேசினால்தான் முழுப் பூட்டு. உஷா ஒரு வாரம் அதைத் திறக்காமலே அல்ஜீப்ரா அனுப்பிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது, அதிகம் பேர் வைத்துக்கொள்ளாத நீலக் குமிழ். அதில் உண்டியல் பக்கத்து நாற்காலியையும் ஏறக்குறைய எடுத்துவிட்டார்கள். உஷாவுக்குப் பரம திருப்தி. தானாக அழிந்துபோகும் மெசேஜ் வசதியைக் கண்டுபிடித்து, ஐந்து நிமிஷம் என்று வைத்துவிட்டாள். நான் சாம்பாரை இறக்கி வைத்துவிட்டு வருவதற்குள் கணக்கு காணாமல் போய்விடும்.

"அக்கா, அந்தக் கணக்கு கரெக்டா வந்துச்சுக்கா! பேப்பரக் கிழிச்சுப் போட்டுட்டேன்! உங்கிட்ட இருக்கா?"

"என்கிட்ட சாம்பார்தாண்டி இருக்கு."

ஒருநாள் இன்னொரு கூத்து. போன் பூட்டித்தான் இருந்தது. ஆனால் பூட்டிய திரையிலேயே நான் அனுப்பிய "இன்னிக்கு ஆச்சா?" பளிச்சென்று வந்து நின்றது. நித்யா பார்த்துவிட்டாள். "என்னம்மா ஆச்சான்னு கேக்கறாங்க?" உஷா யோசிக்கவே இல்லை: "மாவு அரைச்சாச்சான்னு." அன்றிலிருந்து கணக்குக்கு எங்கள் சங்கேதப் பெயர் மாவு. கஷ்டமான கணக்கு என்றால் மாவு புளிக்கவில்லை. என் மாவு ஈடுபாட்டைப் பார்த்து நித்யா எனக்கு ஒரு கிரைண்டர் விளம்பரம் ஃபார்வர்டு பண்ணினாள்.

ஆக, மூன்று வாரத்தில் நாங்கள் அசைக்க முடியாத பாதுகாப்பில் இருந்தோம். பிறகு ஹால் டிக்கெட் வந்தது.

ஹால் டிக்கெட் என்றால் பிரின்ட் எடுக்க வேண்டும். குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஃபாரூக் பாய் ஜெராக்ஸ் கடை. நீங்களும் இப்படி ஒரு கடைக்குப் போயிருப்பீர்கள். போர்டில் ஒரு நம்பர் எழுதியிருக்கும், அந்த நம்பருக்கு அனுப்பினால் பிரின்ட் வரும்.

"அனுப்பு மா, நம்பர் போர்டுல கீது பாரு," என்றார் பாய்.

உஷா அனுப்பினாள். மூன்று வாரம் உண்டியலையும் சாவியையும் ஆராய்ந்தவள், ரெண்டே செகண்டில் அனுப்பினாள். பக்கத்தில் நின்ற எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை!

பாய் கடையில் கம்ப்யூட்டர் திரை கஸ்டமர் பக்கமாகத்தான் திரும்பியிருக்கும். யார் ஃபைல் எது என்று நாமே காட்ட வேண்டுமே, அதற்காக. அதில் வரிசையாக — ஒருவர் ஜாதகம், ஒருவர் ஸ்கேன் ரிப்போர்ட், ஒருவர் வாடகை ஒப்பந்தம். அதற்கெல்லாம் மேலே, திரை முழுக்க விரிந்தது உஷாவின் முகம். கீழே பெயர். தனித்தேர்வர். பத்தாம் வகுப்பு. கணிதம், செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி.

"போட்டோ கிளியரா வரணும்ல," என்று பாய் அதை இன்னும் பெரிதாக்கினார்.

பின்னால் ஒரு தொண்டை கனைத்தது. திரும்பினோம். சேஷாத்ரி மாமா.

கிரவுண்ட் ஃப்ளோர் சேஷாத்ரி மாமாவுக்கு எங்கள் பில்டிங்கில் கூரியர் மாமா என்று பெயர். இலவசம், அன்றைக்கே டெலிவரி. மூன்றாவது மாடியில் குக்கர் வெடித்த செய்தி, குக்கர்காரிக்குத் தெரிவதற்கு முன்னால் மாமா மூலம் எனக்கு வந்திருக்கிறது. எங்கள் பில்டிங் குரூப்பில் ஒரு நாளைக்குப் பதினைந்து மெசேஜாவது போடுவார். பென்ஷன் பேப்பர் ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்தவர், திரையைப் பார்த்தார். உஷாவைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

"பாய், என்னோடதை அப்புறம் போடுங்கோ. இந்தக் கண்ணாடி இல்லாம நேக்கு ஒண்ணுமே தெரியறதில்லை," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உஷா அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "போச்சுக்கா. பழம் வந்துரும்."

"இன்னாமா ஆச்சு?" என்றார் பாய். நான் விஷயத்தைச் சொல்லாமல் பூட்டுக் கதையை மட்டும் சொன்னேன். அவர் ஃபைலை அழித்துவிட்டுச் சிரித்தார். "கதவுக்கு மூணு பூட்டு போட்டுட்டு சாவிய என்கிட்ட குடுத்துட்டுப் போறீங்களே மா. நான் எதையும் படிக்கமாட்டேன், பிரின்ட்டுதான் போடுவேன். ஆனா அது உங்களுக்கு எப்டித் தெரியும்?"

நியாயமான கேள்விதானே? இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நடுவில் யாரும் படிக்க முடியாது என்று ஆப் சத்தியம் செய்கிறது. செய்த சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்கிறது. ஆனால் அந்த முனையில் நிற்பது யார்? ஒரு பெரிய திரை... அதற்கு முன்னால் ஐந்து பேர் க்யூ. பகலில் பக்கம் பார்த்துப் பேசு என்று சொல்லி வைத்தவர்கள் ஜெராக்ஸ் கடையைப் பார்த்ததில்லை. ஆனால் நம்மைப் பார்த்திருக்கிறார்கள்.

அன்றைக்கு முழுக்க நாங்கள் ரெண்டு பேரும் குரூப்பையே வெறித்துக்கொண்டிருந்தோம். மாமாவிடமிருந்து வந்தது: ஒரு ரோஜாப்பூ. மஞ்சளின் மகிமை. மாடிப்படியில் கிடந்த ஒற்றைச் செருப்பின் போட்டோ, "யாருது?" என்ற கேள்வியுடன். உஷா பற்றி? ஒரு வார்த்தை இல்லை. மறுநாளும் இல்லை.

"பெரிசா ஏதோ பிளான் பண்றார்க்கா," என்றாள் உஷா. பயந்தவள் கண்ணுக்கு ஒற்றைச் செருப்புகூடக் குறியீடாகத் தெரியும்.

அப்போதுதான் வந்தது அடுத்த இடி. தண்ணித் தொட்டி கிளீன் பண்ணும் ஆட்கள் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறார்களாம். கணக்குப் பரீட்சை நேரம்! செகரட்டரி நிற்காமல் தொட்டி கிளீனிங் நடந்ததே இல்லை. என்ன சாக்குச் சொன்னாலும் பதினைந்து வீடும் ஏன், எங்கே என்று கேட்கும். உஷா டைப் பண்ணுகிறாள், அழிக்கிறாள், டைப் பண்ணுகிறாள், அழிக்கிறாள்...

அதற்குள் குரூப்பில் மாமா குதித்தார். "செவ்வாய்க்கிழமை எனக்குச் சௌகரியப்படாது. வெளியூர் மனுஷா வரா. தண்ணி இல்லாம முடியாது. வியாழக்கிழமை வைத்துக்கொள்ளவும்." இரண்டாவது மாடி ஒன்று எதிர்த்தது. மாமா விடவில்லை. தன் இடுப்பு வலி, வரப்போகிறவர்களின் சர்க்கரை, வெயில் என்று ஒன்பது மெசேஜ். களைத்துப்போன பில்டிங் வியாழக்கிழமைக்கு ஒப்புக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை மாமா வீட்டுக்கு வெளியூரிலிருந்து ஒரு காக்கை கூட வரவில்லை. எட்டேகால் மணிக்கு நாங்கள் கீழே இறங்கினால், கேட்டில் ஓர் ஆட்டோ நிற்கிறது. பக்கத்தில் மாமா. "இந்த நேரத்துல வண்டி கிடைக்காது. நிறுத்தி வெச்சிருக்கேன். அடையாறு பக்கம்தானே?" என்றார். ஹால் டிக்கெட்டில் இருந்த சென்டரை, கண்ணாடி இல்லாமல் ஒன்றும் தெரியாதவர் சொல்கிறார்! எதிரே பால் வாங்கி வந்த அம்மா, "எங்க கிளம்பிட்டீங்க உஷா?" என்றார். உஷா வாயைத் திறப்பதற்குள் மாமா, "ரெண்டு பேரும் அறுபத்து மூவர் புடவை மாதிரி ஏதோ எடுக்கப் போறா, தி.நகருக்கு" என்று சொல்லிவிட்டார். அப்படி ஒரு புடவையே கிடையாது. ஆனால் அந்த அம்மா இன்றைக்கும் அதைக் கடைகடையாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் ரிசல்ட். எல்லாப் பாடமும் பாஸ். கணக்கில் அறுபத்திரண்டு.

முதலில் நித்யாவிடம் சொன்னாள். அந்தப் பெண் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதது. பிறகு, "அப்போ அந்த மாவு...?" என்று என்னைப் பார்த்து முறைத்தது. குரூப்பில் போடலாமா என்று நான் கேட்டேன். "எதுக்குக்கா டைப் பண்ணிக்கினு?" என்று உஷா கிடுகிடுவென்று படியிறங்கிப் போய் கிரவுண்ட் ஃப்ளோர் பெல்லை அடித்தாள்.

"மாமா... இப்ப சொல்லலாம்."

"எத்தனை?"

"கணக்குல அறுபத்திரெண்டு மாமா."

மாமா செருப்பைக்கூட மாட்டவில்லை. பத்து நிமிஷத்தில் இஸ்திரிக்காரர் வந்து வாழ்த்தினார். அரை மணியில் பால் பூத். சாயந்திரத்துக்குள் மாடவீதி, அம்சா, ஃபாரூக் பாய். பதினைந்து வீட்டிலிருந்தும் வந்தார்கள், ஆப்பிள், சாத்துக்குடி, சீப்பு சீப்பாக வாழைப்பழம். இந்தத் தடவை உஷா எந்தத் தாழ்ப்பாளும் போடவில்லை. வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு மாமாவிடம் கேட்டேன். "குக்கர் வெடிச்சதையே அடக்க முடியாத மனுஷன் நீங்க. இதை எப்படி மாமா உள்ளே வெச்சிருந்தேள்?"

மாமா சுற்றும் முற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு ரெண்டு நிமிஷம் பேசினார். அந்த மனுஷனை எனக்கு இருபது வருஷமாகத் தெரியும், ஆனால் இது தெரியாது. கடைசியில், "பத்திரிகையில கித்திரிகையில எழுதிடாதேம்மா," என்றார்.

என்ன சொன்னார் என்று கேட்காதீர்கள். அந்தச் செய்திக்கு இந்த முனையில் நிற்பது நான்!