உறைக்குள் ஒரு வாழைக்காய்

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, என் வீட்டு சோபாவில் உட்காரப் போன ரவீந்திரன் பாதியிலேயே "ஆ!" என்று எழும்பிவிட்டார்.

"என்ன, நாரிப்பிடிப்போ?"

"இல்லை அண்ணை... குத்துது."

ஜாக்கெட்டை விலக்கிக் காட்டினார். காற்சட்டைக்கு உட்பக்கமாக, தொப்பைக்குக் கீழே, கறுப்புத் தோலில் ஒரு துப்பாக்கி உறை. உறைக்குள்... ஒரு வாழைக்காய்.

நான் ஓய்வு பெற்ற மொழிபெயர்ப்பாளன். ஜெர்மனியின் எசன் நகரத்து அலுவலகக் கதிரைகளில், எங்கள் ஈழத்துச் சனத்துக்காகப் பாதி ஆயுளைத் தேய்த்தவன். ஓய்வு என்பது பேருக்குத்தான். அலுவலகம் இப்போது என் வீட்டுக்கு வருகிறது. எல்லா விதமான ஆட்களையும் பார்த்தாயிற்று என்றுதான் நினைத்திருந்தேன். வாழைக்காயை இடுப்பில் மறைத்துக்கொண்டு ஒருவரும் வந்ததில்லை.

விஷயம் இதுதான். ரவீந்திரன் பலசரக்குக் கடைக்காரர். வசந்தகாலத்தில் ட்ராம் தரிப்பிடத்தில் வைத்து, அவருடைய மனைவி சுகந்தியின் தாலிக்கொடியை ஒருவன் அறுத்துக்கொண்டு ஓடிவிட்டான். பொலிஸ் தேடுகிறது – அதாவது, கிடைக்காது. அன்றிலிருந்து சுகந்தி மஞ்சள் கயிற்றோடு இருக்கிறார். வெயிலிலும் கழுத்து மூடிய உடுப்பு. கோயில் தேருக்கும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். வருடா வருடம் வடம் பிடிக்கிற மனுஷி!

ரவீந்திரன் கண்டுபிடித்த தீர்வு: துப்பாக்கி.

ஆசிரியர், யாரோ ஒரு அமெரிக்காக்காரர். வீடியோவில் பாடம் நடத்துகிறாராம்.

"அண்ணை, வயித்துப் பக்கம் வைக்கிறதோ, பின்னாலை நாரிப் பக்கம் வைக்கிறதோ நல்லது? வயித்துப் பக்கமெண்டா கெதியா எடுக்கலாமாம். ஆனா குனிய ஏலாது. நான் அரிசி மூட்டை தூக்கிறனான் எல்லோ."

"துவக்கு எங்கை?"

"இன்னும் வாங்கேல்லை. முதல்ல உறை இடுப்புக்குச் சரிவருதோ எண்டு பாப்பம். கடையில இந்த வாழைக்காய்தான் கிட்டத்தட்ட அந்த சைஸ்."

சட்டையைத் தைத்துவிட்டு ஆளைத் தேடுகிறார்!

"மேலை சிவப்புப் புள்ளி தெரியிற சாமான் ஒண்டும் பூட்டலாமாம். குறி தப்பாதாம்."

"எந்தத் துவக்குக்கு?"

"கிளைனர் வாஃபன்ஷைன் எடுத்தாக் கொண்டு திரியலாமே, அதுக்கு."

கிளைனர் வாஃபன்ஷைன் – சின்ன ஆயுத அனுமதி. சத்தமும் காரப் புகையும் மட்டும் வருகிற மிரட்டல் துப்பாக்கியை வெளியே கொண்டு திரிவதற்கு. அதில் குண்டு வராது. குண்டே வராத குழாய்க்குக் குறி தப்பினால் என்ன, தப்பாவிட்டால் என்ன?

"அது தெரியும் அண்ணை. இப்போதைக்குத்தானே சின்னன்? கொஞ்ச வருசம் ஒழுங்கா வைச்சிருந்தா, பிறகு பெரிசு தருவாங்கள்."

"ஆர் சொன்னது?"

"இதை ஆரும் சொல்லவேணுமோ? எனக்கு முதல்ல டுல்டுங் தந்தவங்கள். பிறகு விசா. பிறகு நிரந்தர விசா. பிறகு பாஸ்போட். இங்கை எல்லாம் படிப்படியாத்தானே?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. களைப்புத்தான் வந்தது. டுல்டுங் என்பது, 'இப்போதைக்கு உன்னைத் திருப்பி அனுப்பவில்லை' என்கிற கடதாசி. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இந்த நாட்டை ஒரு மாடிப்படியாகப் படித்த சனம் நாங்கள். சின்னக் கடதாசியோடு பொறுமையாக நின்றால் பெரிய கடதாசி வரும். வந்ததே! அவரை எப்படிக் குறை சொல்வது?

ஆனால் துப்பாக்கிக்கு அந்தப் படி கிடையாது. நிஜத் துப்பாக்கியைக் கொண்டு திரிய, ஊரில் உள்ள எல்லோரையும்விட உங்கள் உயிருக்குத்தான் ஆபத்து அதிகம் என்று நிரூபிக்க வேண்டும். மனைவி தாலிக்கொடி போடுகிறார் என்பது அதில் சேராது. சின்ன அனுமதியையாவது எடுத்தால்? பொது விழாக்களுக்கு அந்த மிரட்டல் துப்பாக்கியையும் கொண்டு போகக்கூடாது. தேர் என்ன, தனியார் விழாவா?

"அதோட, வேட்டியும் வெறும் மேலுமா நிக்கிற இடத்தில எங்கை மறைக்கப் போறீர்?" என்று கேட்டேன். "இன்னொண்டு. உம்மடை துவக்கு பார்வைக்கு அசல் மாதிரியே இருக்கும். வாற பொலிஸ்காரன்ரை கையில இருக்கிறது அசலேதான். உள்ளுக்குப் புகையோ குண்டோ எண்டு உம்மட்டைக் கேட்டுக்கொண்டு நிக்கமாட்டான்."

ரவீந்திரன் வாழைக்காயை உருவி எடுத்து மேசையில் வைத்தார்.

"அப்ப நான் என்னெண்டு அண்ணை அவளைத் தேருக்குக் கூட்டிக்கொண்டு போறது?"

அதற்குரிய விண்ணப்பப் படிவம் என்னிடம் இல்லை.

திங்கட்கிழமை மிளகாய்த்தூள் வாங்கக் கடைக்குப் போனேன். கல்லாவில் சுகந்தி. ரவீந்திரன் பின்னால் பருப்புப் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன தங்கச்சி, ஆள் துவக்கு ஆராய்ச்சியிலயாம்?"

"துவக்கோ?" சுகந்தியின் குரல் கடை முழுக்கக் கேட்டது. "கொடி போன அண்டைக்கு இவரும் எனக்குப் பக்கத்திலதான் நிண்டவர். அதை உங்களுக்குச் சொன்னவரோ?"

சொல்லவில்லை.

"போனுக்குள்ள தலையை விட்டுக்கொண்டு நிண்டவர் அண்ணை! நான் கத்திக் குளறின பிறகுதான் நிமிந்தவர். துவக்கு இருந்திருந்தா மட்டும் எந்தக் கையால எடுத்திருப்பார்? கேளுங்கோ!"

ரவீந்திரன் பருப்புப் பைகளுக்குப் பின்னால் குனிந்துவிட்டார்.

"எனக்குக் கள்ளனுக்குப் பயமில்லை. இவரோட போறதும் தனியப் போறதும் ஒண்டுதான். அதுதான் வரேல்லை எண்டனான்."

நான் மிளகாய்த்தூளோடு வெளியே வந்துவிட்டேன். வெட்கத்தை மறைக்க மனிதன் என்னென்ன உறையெல்லாம் தேடுகிறான்! வயிற்றுப் பக்கமாம், நாரிப் பக்கமாம்...

போன ஞாயிறு தேர். ரவீந்திரன் வந்திருந்தார். வெறும் மேல், வேட்டி, அகலமான பெல்ட். பெல்ட்டில், எல்லோரும் பார்க்க, அந்தக் கறுப்பு உறை! காவலுக்கு நின்ற இளம் பொலிஸ்காரியும் அதைக் கண்டுவிட்டார். அவர் ஒரு கையைத் தன் இடுப்புக்குக் கொண்டு போய்க்கொண்டே கிட்ட வந்தார். உறைக்குள் என்ன?

ரவீந்திரன் இரண்டு கைகளையும் உயர்த்தி, அவரையே திறந்து பார்க்கச் சொன்னார். பொலிஸ்காரி பொத்தானைக் கழற்றினார்.

போன்.

பக்கத்தில் சுகந்தி நின்றார். கழுத்தில் மஞ்சள் கயிறு, சேலைக்கு வெளியே, பளிச்சென்று. கைகளில் தேர் வடம். வாழைக்காயை அந்தத் திங்கட்கிழமையே பொரித்துவிட்டதாக எனக்குச் சொன்னார்.

"போனை ஏன் இவ்வளவு பத்திரமா வைச்சிருக்கிறீர்?" என்று ரவீந்திரனிடம் கேட்டேன்.

"மனுசியோட வெளியில வந்தா இதை எடுக்க அனுமதி வேணும் அண்ணை."

"சின்னதோ, பெரிசோ?"

"பெரிசு," என்றார் சுகந்தி. "ஆருக்கும் குடுக்கிறேல்லை."