காலையில் ரெண்டு, சாயங்காலம் ரெண்டு

பெங்களூர் பொம்மனஹள்ளியில் இன்சுலின் வளர்க்கிறவர் வீடு எது என்று கேட்டால் பழனிச்சாமி வீட்டைக் காட்டுவார்கள். மூன்று மாடி ஏறி, அதற்கும் மேலே மொட்டை மாடிக்குப் போனால் காலிப் பெயிண்ட் வாளிகளில் செடிகள் நிற்கும். சிவந்த தண்டு, அதைச் சுற்றிச் சுற்றி ஏறும் தடித்த இலை, கடித்தால் லேசான புளிப்பு. சர்க்கரைக்கு நல்லது என்று ஊரே சொல்கிற செடி. கன்னடத்தில் ‘இன்சுலின் கிட’ என்பார்கள். கிட என்றால் செடி. திருப்பத்தூரில் இருக்கும் தங்கையிடம் போனில் இந்தப் பெயரைச் சொன்னபோது, “எந்தச் சாமிக்குண்ணா கிடா வெட்டப் போற?” என்று கேட்டாள். அன்றோடு பாதிப் பெயரை வெட்டிவிட்டு வெறும் இன்சுலின் ஆக்கிவிட்டார். “இன்சுலினுக்குத் தண்ணி ஊத்தினியா?” என்று அவர் கேட்பதும், “இன்சுலின்ல பூனை படுத்திருக்கு, வெரட்டுங்க” என்று மனைவி மகா சொல்வதும் அந்த வீட்டில் சாதாரணப் பேச்சு.

பழனிச்சாமிக்கு வயது ஐம்பத்து நான்கு. ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியின் ஸ்டாஃப் பஸ்ஸை இருபத்திரண்டு வருஷமாக ஓட்டியவர். வண்டி விஷயத்தில் அவரைப் போல் விஞ்ஞானி கிடையாது. டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தால், சில்க் போர்டு சிக்னல் நெரிசலின் நடுவிலேயே ஆனாலும் ஓரம் கட்டிவிடுவார். மெக்கானிக் வந்து பார்க்காமல் வண்டி ஒரு அடி நகராது. தன் உடம்பில் விளக்கு எரிந்தபோது மட்டும் மெக்கானிக்கைத் தேடவில்லை. பக்கத்துப் பஸ் டிரைவர் ரவியைக் கேட்டார்.

“இன்சுலின் ஊசி ஒரு தடவை குத்திட்டா ஆயுசுக்கும் விடாது குரு, தெரியுமில்ல?” என்றான் ரவி. “எல்லாம் மருந்துக் கம்பெனிக்காரன் பிசினஸ். இந்தா, இது இயற்கை. காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு போட்டுக்கோ, வெத்தலை போடற மாதிரி. கழுவாதே. கழுவினா சத்து போயிடும்.”

போன வருஷம் வயிறு வலித்தபோது இதே ரவி இயற்கையிடம் போகவில்லை, நேராக ஸ்கேனுக்குப் போனான். பழனிச்சாமி அதைக் கேட்டும் பார்த்தார். “அது எமர்ஜென்சி குரு. இது வைத்தியம்” என்றான். நியாயமாகத்தான் பட்டது.

அதற்காக மாத்திரையை ஒரேயடியாக விட்டுவிடவில்லை. பாதியாக உடைத்து விழுங்கினார். இரண்டு கட்சியும் கோபித்துக்கொள்ளக் கூடாது. சர்க்கரை இறங்கினால் இலையின் மகிமை, ஏறினால் மாத்திரையின் சைடு எஃபெக்ட் என்று தீர்ப்பை முன்னாலேயே எழுதி வைத்திருந்தார்.

பிறகு வலது கண்ணில் புரை விழுந்தது. ஒரு விடிகாலை நாற்பது பெண்களை ஏற்றிக்கொண்டு வந்தவர், ரோட்டோரம் கிடந்த தார்ப்பாயை மாடு என்று நினைத்துப் பிரேக்கை மிதித்தார். டிரான்ஸ்போர்ட் மேனேஜர் நாகேஷ் கூப்பிட்டனுப்பினார்.

“இன்னிக்குத் தார்ப்பாய மாடுன்னு நெனச்சே, பரவால்ல. நாளைக்கு மாட்டைத் தார்ப்பாய்னு நெனச்சா? கண்ணைச் சரி பண்ணிட்டு வா. மூணு மாசம் பாக்கறேன். அப்புறம் பஸ் வேற ஆளுக்கு. அதுவரைக்கும் கேட்ல நில்லு.”

கேட்டில் நிற்பது என்றால் ஊதாச் சட்டை, விசில், தன் பஸ்ஸுக்குத் தானே கையசைத்து வழிவிடுவது. பஸ்ஸை இப்போது ரவி ஓட்டினான். அவன் கியர் மாற்றுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் பழனிச்சாமிக்குத் தன் பல்லையே யாரோ பிடுங்குவதுபோல் இருந்தது.

கண் ஆபரேஷன் செய்ய வேண்டுமானால் சர்க்கரை இருநூறுக்குக் கீழே வர வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சர்க்கரைக்கு டாக்டர் ஷ்ரேயாஸ். மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. ஒரு நோயாளிக்கு மூன்று நிமிஷம் ஒதுக்குவார். அதில் இரண்டரை நிமிஷம் கம்ப்யூட்டருக்கு. திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமலே கேட்டார்.

“சுகர் முன்னூத்திப் பதினெட்டு. இன்சுலின் போடறீங்களா?”

“போடறேன் சார். தவறாம.”

“எவ்ளோ?”

“காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு.”

டாக்டர் சிரித்தார். “ரெண்டா? கொழந்தைக்குக்கூட சாலாது, போதாது. பத்துப் பத்தாப் போடுங்க, சாப்பாட்டுக்கு முன்னாடி.”

ஆங்கில மருத்துவம் படித்தவருக்கே இலைமேல் இவ்வளவு மரியாதையா என்று பழனிச்சாமிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. மருந்துக் கடையில் சீட்டை நீட்டும்போதே, “மாத்திரை மட்டும் குடுங்க. இன்சுலின் வீட்லயே இருக்கு” என்றார். கடைக்காரர் அக்கறையான மனிதர். “வெயில் படற எடத்துல வெச்சிடாதீங்க, வீரியம் போயிடும்” என்று எச்சரித்து அனுப்பினார். அன்று சாயங்காலமே வாளிகளை இழுத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், ஈர நிழலில் வைத்தார்.

“செடிய யாராவது இருட்டுல வெப்பாங்களா?” என்றாள் மகா.

“மெடிக்கல் ஷாப்காரரே சொல்றாரு. அவரைவிட உனக்குத் தெரியுமா?”

“எனக்கென்ன தெரியும். நான் வெறும் பத்தாவது. இனிமே அந்தப் பக்கமே நான் வரலை, நீங்களே பறிச்சுக்கோங்க.”

ஒரு வேளைக்குப் பத்து இலை மெல்வது லேசான காரியம் இல்லை. கால் மணி நேரம் தாடை ஆடிக்கொண்டே இருக்கும். மூன்று வாரம் கழித்துப் பார்த்ததில் சர்க்கரை முன்னூற்று இருபத்திரண்டு. டாக்டர் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு, “இருபதாக்கிடலாம்” என்றார்.

இருபதும் இருபதும் நாற்பது. ஒரு வாரத்தில் வாளிகள் மொட்டையாயின. ரவி எங்கிருந்தோ புதிதாக நாலு வாளி கொண்டுவந்து போட்டான். எதிர்வீட்டு யசோதா, அவளும் சர்க்கரைக்காரி, வழக்கம்போல் ரெண்டு இலைக்கு வந்து வெறுங்கையோடு திரும்பினாள். “டாக்டரே டோஸ் ஏத்திட்டாரும்மா, எனக்கே பத்தலை” என்று பழனிச்சாமி வருத்தப்பட்டார்.

“வாயெல்லாம் பச்சை” என்றாள் மகா. “மாட்டுக்கு வாக்கப்பட்ட மாதிரி இருக்கு எனக்கு.”

மூன்றாம் தடவை முன்னூற்று நாற்பத்தொன்று. நாகேஷ் கொடுத்த மூன்று மாதத்தில் பாதி கேட்டிலேயே போயிருந்தது. அன்றுதான் டாக்டர் ஷ்ரேயாஸ் நாற்காலியைத் திருப்பி முதன்முறையாக அவர் முகத்தைப் பார்த்தார்.

“இருபது போட்டும் எறங்கலையா? ஒரு வேளைகூட விடலையே?”

“சத்தியமா விடலை சார். கல்யாண வீட்டுக்குக்கூட டப்பாவுல எடுத்துட்டுப் போயிப் போட்டேன்.”

டாக்டர் இரண்டு பயிற்சி டாக்டர்களைக் கூப்பிட்டார். மூவரும் ஆங்கிலத்தில் பேசியதில் ‘ரேர்’ என்பது மட்டும் பழனிச்சாமிக்குப் புரிந்தது. இன்சுலினுக்கே மசியாத உடம்பு. அடுத்த மாதம் மைசூரில் நடக்கிற டாக்டர்கள் மாநாட்டில் படம் போட்டுக் காட்ட வேண்டிய அரிய கேஸ். போட்டோ எடுக்கலாமா என்று கேட்டார்கள். பழனிச்சாமி சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

“நாலு நாள் அட்மிட் ஆயிடுங்க. நாங்களே முப்பது போட்டுப் பாக்கறோம்” என்றார் டாக்டர்.

சாயங்காலம் ஆறரை மணிக்கு வார்டில் நர்ஸ் மமதா டிரேயோடு வந்தாள். மண்டியாப் பெண், தமிழ் இந்த வார்டிலேயே கற்றது.

“அங்கிள், இன்சுலின் எங்க போட்டுக்கறீங்க? வயித்துலயா, தொடையிலயா?”

சின்னப் பெண்ணின் அறியாமையைப் பழனிச்சாமி மன்னித்தார். “வாயிலம்மா.”

மமதா சிரித்தாள். “தமாஷ் பேட அங்கிள், வேணாம். சட்டையைத் தூக்குங்க.”

ஊசியைக் கண்டதும் அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். “இதென்ன?”

“இன்சுலின். முப்பது.”

“முப்பதும் நான் கையோட கொண்டாந்திருக்கேனே.” தலையணைக்கு அடியிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்து காட்டினார். “வேணும்னா எண்ணிப் பாத்துக்கோ.”

மமதா பாக்ஸைப் பார்த்தாள். ஊசியைப் பார்த்தாள். மறுபடி பாக்ஸைப் பார்த்தாள். ஊசியை டிரேயில் வைத்துவிட்டு, “அங்கிள், இதுவரைக்கும் ஊசி ஒரு தடவையாவது...” என்று இழுத்தாள்.

“ஐயையோ. அது குத்த ஆரம்பிச்சா விடாதாமே.”

டாக்டர் லிஃப்ட்டுக்குக்கூடக் காத்திராமல் ஓடிவந்தார். இலை ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்க்காமலே கீழே போட்டார்.

“ஆறு வாரமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?”

“போடறீங்களான்னு கேட்டீங்க, போடறேன்னேன். என்ன போடறேன்னு நீங்க கேக்கலையே சார்.”

டாக்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். “ஊசியே போடாத உடம்புல மொதல் தடவையே முப்பது போயிருந்தா சுகர் பாதாளத்துக்கு எறங்கியிருக்கும். நெனவு தப்பியிருக்கும். ஆளே போயிருக்கலாம்.”

பழனிச்சாமி டிரேயில் கிடந்த ஊசியை எட்டிப் பார்த்தார். அவர் டிரைவர். மிதித்தால் பிடிக்கிற பிரேக்குக்குத்தான் பயப்பட வேண்டும். பிடிக்காத பிரேக்கை எத்தனை மிதித்தால் என்ன? ஒரு நாளைக்கு நாற்பது இலை தின்று அவருக்கு ஒன்றுமே ஆகவில்லை. நல்லதும் ஆகவில்லை, கெட்டதும் ஆகவில்லை.

“அப்ப இந்த ஊசி நெஜமாவே வேலை செய்யுது” என்றார்.

“செய்யும்” என்றார் டாக்டர்.

பழனிச்சாமி கண்ணை மூடிக்கொண்டு சட்டையைத் தூக்கினார். “கம்மியாப் போடுங்க சார்.”

எட்டில் ஆரம்பித்தார்கள். நாலாம் நாள் சர்க்கரை நூற்று எண்பத்தாறு. அடுத்த வாரம் கண் ஆபரேஷன். மைசூர் மாநாட்டில் டாக்டர் ஷ்ரேயாஸ் பழனிச்சாமியின் போட்டோவைக் காட்டவில்லை. டிபன் பாக்ஸின் போட்டோவைக் காட்டினார் என்று மமதா சொன்னாள். கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது நாகேஷ் அவரைத் தூரத்தில் நிறுத்தி ஒரு நம்பர் பிளேட்டைப் படிக்கச் சொன்னார். படித்தார். சாவி கைக்கு வந்தது.

சாவியைக் கொடுத்துவிட்டு ரவி சொன்னான்: “ஆறு வாரம் இலை உள்ளே அஸ்திவாரம் போட்டுது குரு. அதனாலதான் ஊசி நாலே நாள்ல கட்டடம் எழுப்பிச்சு.”

இதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஊசியை விடவில்லை, ஆனாலும் அஸ்திவாரத்தை எதற்கு இடிக்க வேண்டும் என்று, அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ரெண்டு இலை பறிக்க மொட்டை மாடிக்கு ஏறினார். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் குனிந்து ஒரு இலையைப் பறித்து, பழக்கப்படி வாய்க்குக் கொண்டுபோனவர் பாதியில் நின்றார். இலையின் அடிப்பக்கம் பஞ்சு பஞ்சாக வெள்ளையாய் இருந்தது. கண்ணுக்குக் கிட்டே பிடித்தார். பஞ்சுக்குக் கால் முளைத்திருந்தது. அடுத்த இலையிலும் மாவுப்பூச்சி. அதற்கடுத்ததிலும். ஒரு இலைக்கு இருபதென்றால், ஒரு நாளைக்கு நாற்பது இலை என்று ஆரம்பித்த கணக்கை அவர் முடிக்கவில்லை. சனிக்கிழமையானால் முட்டைகூடத் தொடாத மனிதர்.

யசோதா படியேறி வந்தாள். “அண்ணா, கண்ணு எப்படி இருக்கு? எனக்கு ரெண்டு இன்சுலின் குடுங்க.”

பழனிச்சாமி நிமிர்ந்தார். “ஏம்மா, டாக்டர் உனக்கு இன்சுலின் எழுதியிருக்காரா?”

“போன மாசமே எழுதிட்டாரே. போடறீங்களான்னு கேட்டாரு. போடறேன்னு சொல்லிட்டேன்.”

“எங்க போடற?”

யசோதா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “என்னண்ணா கேள்வி இது. வாயிலதான்.”

பழனிச்சாமி கையிலிருந்த இலையைத் திருப்பி அவள் கண்ணெதிரே நீட்டினார்.