இடுக்கு விடாத வேலி

கூடப் பிறந்த அக்கா வீடுதான். ஆனாலும் பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூடத் தச்சனை யாரும் உள்ளே வா என்று கூப்பிட்டதில்லை. பின்பக்கக் கதவு வழியாக வரவேண்டும், வேலி வேலையைப் பார்க்கவேண்டும், அதே வழியில் போகவேண்டும். குடிக்கத் தண்ணீர்கூட வேலியடிக்கே வரும். அந்தக் கடுப்பு அவனுக்கு இன்னும் ஆறவில்லை.

அக்கா புருஷனுக்கு ஊர்க்கண் என்றாலே ஆகாது. கல்யாணமான கையோடு ஆளுயரப் பலகை வேலி கேட்டார்.

"எறும்புகூட எட்டிப் பாக்கக் கூடாது, மச்சான்."

"ஈரப் பலகைதான் இருக்கு மாமா. காஞ்சா சுருங்கும்."

"நெருக்கி அடிய்யா, எங்க போயிடும்?"

அடித்தான். முதல் வெயிலிலேயே பலகைக்குப் பலகை விரல் நுழைகிற இடுக்கு விழுந்தது. இடுக்கின் மேலே ஒல்லியான மரச்சட்டமாகப் பட்டை வைத்து மூடினான். மழைக்கு உப்பிய பலகை ஆணியைத் தள்ளியது. வெயிலில் மறுபடி வாய் பிளந்தது. வெளியாளை உள்ளே விட மாமாவுக்கு மனசு வராது. அதனால் வருஷா வருஷம் இவனுக்குத்தான் ஆள் வரும்.

வேலியைச் சரிசெய்யும் அந்த இரண்டு நாள்தான் அக்கா வாய்விட்டுப் பேசுவாள். மற்ற நாளில் கடைக்குப் போவதும் அவர், போனை எடுப்பதும் அவர். அவள் பட்டையைப் பிடிப்பாள், இவன் அடிப்பான். மாமா தலை தெரிந்தால் சுத்தியல் சத்தம் கூடும்.

"குழாயடி இடுக்குல நேத்து ஒரு சிவப்பு சைக்கிள் போச்சுடா," என்பாள். "பாதிதான் தெரிஞ்சுது."

இந்த வருஷம் தூண்களின் அடி மக்கிவிட்டது.

"எல்லாத்தையும் பிடுங்கிப் போடு, மச்சான். இருபது வருஷத்துக்கு உன் மூஞ்சியில முழிக்காத மாதிரி புதுசா ஒண்ணு போட்டுக் குடு," என்று சொல்லிவிட்டு மாமாவே சிரித்தார்.

தச்சனுக்கும் உள்ளுக்குள் குஷிதான். கோணல் வேலியைக் கட்டியவன் என்ற கெட்ட பேர் தீரும். அளவெடுக்கும்போது டேப்பின் மறுமுனையை அக்கா பிடித்திருந்தாள்.

"ரெண்டு வருஷம் நிழல்ல காஞ்ச பலகை பாத்து வச்சிருக்கேன்க்கா. தட்டினா மணி மாதிரி கேக்குது. தூணுக்கு அடியில தார் பூசிட்டா அசையாது."

"இடுக்கு விழாதா?"

"நான் போடுற வேலியில விழுமா?"

டேப் அவள் கையிலிருந்து நழுவிச் சுருண்டு இவன் விரலில் அடித்தது.

"அப்ப நீ எப்படா வருவே?"

வருஷக்கணக்காக மூடி மூடி அலுத்த கை, பென்சிலோடு அப்படியே நின்றது.

"என்ன அங்க பேச்சு?" என்று ஜன்னலிலிருந்து மாமாவின் குரல்.

"அளவு சொல்றேங்க!" என்று கத்திய அக்கா, டேப் முனையைக் குனிந்து எடுத்தாள். நிமிராமலே சொன்னாள்:

"ஈரப் பலகையாப் பாத்து வாங்குடா. குழாயடிப் பக்கத்துக்கு நல்லா ஈரமா."